பகலில் ஓடாத வண்டி

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளக்காரர்கள் கிடையாது. ஊர்க்காரர்களே தொண்டர்கள். பெரும்பாலோருக்குத் தொலைவில் நியூயார்க் நகரத்தில் வேலை. பகலில் ஊரில் இருந்த தொண்டர்கள் எங்கள் பள்ளித் துப்புரவாளர்கள் மட்டும்தான். சங்கு ஊதினால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

டிசம்பரில், வரிப்பணத்தில் படைக்குப் புது ஏணி வண்டி வாங்கலாமா என்று ஊரில் ஓட்டெடுப்பு நடந்தது. தொண்டர்கள் குடும்பத்தோடு வந்து ஜெயிக்க வைத்தார்கள். மே மாதம் பள்ளிச் செலவுக்காக வரியை ஏற்றலாமா என்று ஓட்டெடுப்பு. அதே கூட்டம் வந்து அதைத் தோற்கடித்தது.

பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் எனக்குப் பொறுக்கவில்லை. படைத் தலைவன் டுவைரை ஓட்டுச்சாவடி வாசலிலேயே மறித்தேன். "வரி ஏறுதுன்னு குதிக்கிறீங்களே, வண்டி வாங்குறப்ப அந்தக் கவலை எங்கய்யா போச்சு?"

"வண்டி உசுரக் காப்பாத்தும், மார்ஜி. உங்க ஸ்கூல் என்னத்தக் காப்பாத்துது?"

சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் ஜூனில் பள்ளித் துப்புரவாளர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் மூத்தவரான ஸ்டான் சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்தார். "நாங்க வேற ஊருக்கு வேலைக்குப் போறோம். இனிமே பகல்ல சங்கு ஊதினா யாரு போவாங்கன்னு டுவைர்கிட்ட கேளும்மா."

கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் சங்கு ஊதியது; ஊதிக்கொண்டே இருந்தது. எரிந்தது டுவைரின் வீடு. உள்ளே படுத்த படுக்கையாக அவன் அப்பா. புது வண்டி ஸ்டேஷனுக்குள் மினுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்து ஊர் வண்டி வருவதற்குள் கூரை இடிந்து விழுந்துவிட்டது.

கிழவரும் ஒரு காலத்தில் தொண்டர். அதனால் எங்கள் வழக்கப்படி புது வண்டிக்குக் கறுப்புத் துணி கட்டி, சவப்பெட்டியை அதிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பகலில் வண்டி ஓட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் லீவு போட்டிருந்தார்கள்.