மறுநாள் கேட்கும் குரல்

தையல்காரியின் மகள் பேசினால் அது மறுநாள்தான் கேட்கும். பேசிய அதே இடத்தில், அதே நேரத்தில், அவள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறந்தபோது முகம் சிவக்க வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. மறுநாள் அதே அறையில் வேறொரு பெண் பிரசவ வலியில் கிடக்கும்போது அந்த அழுகை வீறிட்டு வந்தது. பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையே என்று அந்தப் பெண் பதற, நர்ஸ் அவளைத்தான் அதட்டினாள்.

தெருவுக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. ஆளில்லாத கடை வாசலில் மிட்டாய் கேட்டு ஒரு குரல் வந்தால், நேற்று தையல்காரி மகள் வந்து போயிருக்கிறாள் என்று கடைக்காரர் நிமிராமலே சொல்வார். பிள்ளைகள் அவளுக்குத் தபால் என்று பெயர் வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை பழங்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். அவள் உதட்டை அசைத்ததோடு சரி, இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலி நாற்காலியிலிருந்து எல்லாப் பெயரும் வரிசையாக வந்ததாகப் பியூன் வீடு தேடி வந்து சொன்னார். டீச்சர் காதில் விழுந்ததா என்று கேட்டாள் தையல்காரி. "விழுந்துச்சும்மா. நேத்து கேட்ட கேள்விக்கு நேத்தே பதில் வரணும்னு சொல்லிட்டாங்க."

பழக்கினால் குரல் வழிக்கு வந்துவிடும் என்று தையல்காரி நம்பினாள். ஒரு நாள் அரை நாளாகும், அரை நாள் ஒரு மணியாகும். எழுத்தை அவளே சொல்லிக்கொடுத்தாள். தினமும் சாயங்காலம் தலையணை உறை தைத்துக்கொண்டே மகளை மெஷின் பக்கத்தில் நிறுத்திப் பேசச் சொல்வாள். உதடு அசைந்து நின்றதும், "கேக்குது கண்ணு, இன்னும் சொல்லு" என்பாள். ஒன்றும் கேட்டிருக்காது. குரலோ பின்வாங்கிக்கொண்டே போனது. நாலு வயதில் ஒரு வாரம் கழித்து வந்தது. ஐந்தில், மழைக்காலத்தில் பேசியது வெயில் காலத்தில் வந்தது. ஆறில், எப்போது வரும் என்ற கணக்கே இல்லாமல் போனது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் குறையில்லை, காற்றில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார். ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கும் அப்பா, பெரிய ஊருக்குப் போய்விடலாம், அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளி இருக்கிறது என்றார். பேசினதெல்லாம் இந்த வீட்டில்தானே வந்து சேரும், வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா என்று அவள் மறுத்துவிட்டாள். "பேச்சுக்கு வாடகை கட்டுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றபடி அவர் மாவு ஒட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஏழு வயதில் ஒரு சாயங்காலம் மகள் மெஷின் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். கேக்குது கண்ணு என்றாள் அம்மா, மிதிப்பதை நிறுத்தாமல். மகள் சிலேட்டை எடுத்து, நான் என்ன சொன்னேன் என்று எழுதிக் காட்டினாள். பசிக்குதா என்று கேட்டாள் தையல்காரி, தூக்கம் வருதா, யாராவது அடிச்சாங்களா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மகள் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து, பொய் என்று எழுதி மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தவறவிடுவதில்லை என்று தையல்காரி முடிவுசெய்தாள். கல்யாணமோ சாவோ, காலையிலேயே போய், சாயங்காலத்துக்குள் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். மகள் எழுதிக் காட்டியே வளர்ந்து, அட்டைப் பெட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூலையில் ஆறு வயதுக் குரல் ஒன்று செருப்பைக் காணோம் என்று சிணுங்கும். கட்டிலுக்கு அடியில பாரு கண்ணு என்று அம்மா பதில் சொல்வாள். செருப்பு தேய்ந்து, கட்டிலே விறகாகிப் போன பிறகும் சொன்னாள். மகள் தட்டிலிருந்து தலை நிமிர்த்த மாட்டாள். வருகிற குரல்களும் குறைந்துகொண்டே வந்தன. இனி வராது என்று அப்பா ஒரு நாள் சொன்னார். தையல்காரி மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

அது வந்தபோது அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. மகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மெஷின் பக்கத்திலிருந்து தெளிவாக வந்தது: "அம்மா, நூல் அறுந்துபோச்சு. நீ சும்மா மிதிச்சிட்டிருக்க."

தையல்காரி குனிந்து ஊசியைப் பார்த்தாள். நூல் இருந்தது. இருந்தாலும் அதை உருவியெடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, மறுபடி கோத்தாள். அதைப் பார்த்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து, தோள் குலுங்க, ஜன்னலோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உதடுகள் அசைய நீளமாக ஏதோ சொன்னாள். சத்தம் இல்லை. அம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"கேக்கல கண்ணு" என்றாள். மகள் தலையாட்டினாள். பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள்.

அது வந்து சேரும்போது தங்களில் யாரும் இருக்கப் போவதில்லை என்று அப்பா கணக்குப் போட்டார். அடுத்துக் குடிவருகிறவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: சாயங்காலம் ஜன்னலோரம் ஒரு பெண் சிரிக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் பேசும். வீட்டுக்காரர் சரி என்றார். அதற்காக வாடகையைக் குறைக்க முடியாது என்றும் சொன்னார்.