பதினான்காம் தொட்டியின் விபத்து அறிக்கை

ஆறு வாரம் கழித்து வீடு திரும்பிய மிசாவோவுக்கு வாசலிலேயே தலைவலி வந்துவிட்டது. தோட்டத்தில் அவள் கணவர் யசுஜி, ஆலைக்காலத்து மஞ்சள் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு ரோஜாத் தொட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். கையை நீட்டி ஆள்காட்டி விரலால் செடியைக் குறிவைத்து, தண்ணீர் யோஷி, இலை யோஷி, பூச்சி இல்லை யோஷி என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஓரடி நகர்ந்து அடுத்த தொட்டிக்கு முன்னால் மறுபடியும் ஆரம்பித்தார்.

கடலோரத்து இரும்பாலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். எதைச் சரிபார்த்தாலும் விரலால் சுட்டி, வாய்விட்டு யோஷி, அதாவது 'சரி' என்று சொன்னால்தான் அங்கே சரிபார்த்ததாக அர்த்தம். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றார்கள். அதை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு அடுப்பை அணைத்தால் ஒரு யோஷி, கழிவறை விளக்கை அணைத்தால் ஒரு யோஷி. கேட்டுக் கேட்டு மிசாவோவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இமாபாரியில் இருக்கும் தங்கை காலை உடைத்துக்கொண்டதால்தான் மார்ச் கடைசியில் அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. போகும்போது மூன்றே மூன்று விஷயம் சொன்னாள். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். பழுத்த இலையைப் பொறுக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் குழந்தை யாரும் அலமாரியிலிருந்து அவளுடைய ரோஜாப் புத்தகத்தை எடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு, பதினெட்டுத் தொட்டிக்கும் எண் போட்டு அட்டை தொங்கவிட்டிருக்காது.

"எப்படி இருக்கு?" என்றார் யசுஜி. முகமெல்லாம் பெருமை.

நன்றாகத்தான் இருந்தது, அந்த எரிச்சல் வேறு. அசுவினிப் பூச்சி ஒன்றுகூட இல்லை. ரோஜாவுக்குப் பேர்போன ஊரில், மே மாதத்தில், தெருவே பூத்துக் கிடக்கிறபோது தன் தோட்டமும் குறை வைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தவள் பதினான்காம் எண்ணில் நின்றுவிட்டாள்.

அது ஹருனோ அம்மாவின் ரோஜா. எதிர்வீட்டு ஹருனோவுக்கு எண்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முப்பது வருடம் அண்டா கிண்டியவள், கையும் வாயும் காரம். போன இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லத்துக்குப் போனாள். வீட்டை இடிப்பதற்கு முந்தின நாள், குளிரில் விரல் விறைக்க விறைக்க மிசாவோ அந்த ஒரு செடியைத் தோண்டியெடுத்துத் தொட்டியில் வைத்தாள். பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில் பூக்கும். பெயர் தெரியாது. அதை உண்டாக்கிய நாற்றங்கால்காரர் செத்து, கடையும் மூடி, இருபது வருடமாகிறது. ஊர் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடையாது. அது பூப்பதைப் பார்க்கத்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை ஹருனோ வருகிறாள். இல்லத்து வண்டியில், சக்கர நாற்காலியோடு, இரண்டு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கி. அந்த நாளை அவள் குளிர்காலத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் ஒரே ஒரு தண்டு, மிசாவோவின் தோள் உயரத்துக்கு, பளபளவென்று பச்சையாக நின்றது. மொட்டு ஒன்றுகூட இல்லை. மிசாவோ ஓர் இலைக்காம்பைப் பிடித்து எண்ணினாள். ஏழு இலை. நம்பாமல் இன்னொன்றை எண்ணினாள். அதிலும் ஏழு. ஹருனோவின் ரோஜாவுக்குக் காம்புக்கு ஐந்து இலைதான்.

"பழைய தண்டெல்லாம் எங்கே?"

"வெட்டிட்டேன்" என்றார் யசுஜி. "அடியிலேர்ந்து புதுசாக் கிளம்புற தண்டு பொக்கிஷம், பழசை எடுத்துட்டு அதுக்கு வழி விடணும்னு நாற்பத்துமூன்றாம் பக்கத்துல போட்டிருக்கு."

போட்டிருந்தது உண்மை. ஆனால் ஒட்டுப்போட்ட ரோஜா எதுவும் சொந்தக் காலில் நிற்பதில்லை. கீழே காட்டு ரோஜாவின் வேர், மேலே நல்ல ரோஜா. ஒட்டுக்கு மேலே கிளம்பினால்தான் பொக்கிஷம். கீழே கிளம்பினால் அது காடு, கண்ட அன்றைக்கே பிய்த்தெறிய வேண்டும். இந்த மனிதர் காட்டை வைத்துக்கொண்டு ரோஜாவை வழித்தெடுத்துவிட்டார், அடிக்கட்டைகூடத் தெரியாமல் அடியோடு, சுத்தமாக. தினமும் காலையில் அந்தக் காட்டைப் பார்த்து யோஷி வேறு சொல்லியிருக்கிறார்.

மிசாவோ அதை அவரிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதைப் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். யசுஜி தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, நாற்பத்துமூன்றாம் பக்கத்தைப் புரட்ட முயன்றார். அடுத்த தாள் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தபோது ஒட்டைப் பற்றிய எச்சரிக்கை முழுவதும் அங்கேதான் இருந்தது, படம் போட்டு. நடுவில் காய்ந்த பிளம் ஜாம். நாலைந்து வருடம் முன்னால் ரொட்டி தின்றுகொண்டே அந்தப் புத்தகத்தைப் படித்தது மிசாவோதான். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. கோபத்தை முழுசாகப் படக்கூட இவர் விடுவதில்லை.

மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், அந்த எண் அட்டைகளையாவது ஒழித்துக்கட்டுவோம் என்று இறங்கினாள். கடைசி ஆறு தொட்டிகளில் அட்டையைத் தாங்கியது கம்பியல்ல, குச்சி. எல்லாம் அளந்து வெட்டியது போல ஒரே உயரம். அளந்துதான் வெட்டியிருப்பார். கம்பி தீர்ந்துபோனதும், வீணாக்கக் கூடாதென்று, பதினான்காம் எண்ணில் வெட்டிய தண்டுகளையே நட்டுவைத்திருக்கிறார். மனிதருக்குச் சிக்கனம் ஒன்றுதான் குறைச்சல். முதல் ஐந்தும் கருகிப்போய்க் கையோடு வந்தன. பதினெட்டாம் தொட்டியில் இருந்த ஆறாவது வரவில்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

மிசாவோ கையை எடுத்துவிட்டுக் குனிந்தாள். அட்டைக்குப் பின்னால், செம்புநிறத்தில் இளந்துளிர். எண்ணினாள். ஐந்து. அதன் நுனியில் பட்டாணியளவு ஒரு மொட்டு, மேலே ஒரு கீற்று மட்டும் நிறம் விட்டிருந்தது. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தோஷம் அரை நிமிடம்தான். ஆறு வாரத்துக் குச்சிக்கு வேர் என்று இருந்தால் தலைமுடி கனத்தில் நாலு இருக்கும். மொட்டை விட்டால் பூ இருக்கிற தெம்பையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு விரியும், குச்சி செத்துப்போகும். முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும், ரோஜா வளர்ப்பவர்களுக்கு அது அரிச்சுவடி. கிள்ளினால் ஹருனோவுக்குக் காட்ட என்ன இருக்கிறது? கிள்ளாவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டு தடவை நகத்தை அருகில் கொண்டுபோய் இரண்டு தடவையும் எடுத்துவிட்டாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு ஒரு காரியமாவது நேராக முடிந்திருக்கிறதா என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் பொய்க்குத் துணிந்தாள். செடிக்கு நோய், நாற்றங்காலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். யசுஜி ஒரேயடியாக மறுத்துவிட்டார். விபத்து நடந்தால் மறைக்கக் கூடாது, அறிக்கை கொடுக்க வேண்டுமாம்.

ஞாயிறு பத்து மணிக்கு வண்டி வந்தது. உடன் வந்த பெண் நாற்காலியை இறக்கித் தோட்டத்துக்குள் தள்ளிவந்தாள். ஹருனோ அம்மா உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். அதைப் பார்த்ததும் மிசாவோ அவசரமாகப் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். தேநீர் கொடுத்தாள், வெயிலைப் பற்றிப் பேசினாள், மற்ற ரோஜாக்களைக் காட்டினாள். ஹருனோவின் கண் எல்லாவற்றையும் தாண்டி ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தது.

அப்போது பார்த்து யசுஜி உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையில் தாள். வேண்டாம் என்று மிசாவோ கண்ணால் கெஞ்சினாள். அவர் நாற்காலிக்கு எதிரில் நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். விபத்து நடந்த நாள், ஏப்ரல் நாலு. இடம், தொட்டி எண் பதினான்கு. சேதம், ரோஜா ஒன்று, முழுவதும். காரணம் என்ற இடம் வந்ததும் மிசாவோ கண்ணை மூடிக்கொண்டாள். மானம் இன்றோடு போயிற்று. பக்கங்கள் ஒட்டியிருந்தன என்று வரும், எதனால் என்றும் வரும், இந்த மனிதர் ஜாமின் வகையைக்கூட எழுதியிருப்பார்.

"காரணம், தொடாதேன்னு சொன்னதை நான் கேட்கலை" என்று படித்தார் யசுஜி. அவ்வளவுதான். ஜாம் என்ற பேச்சே அதில் இல்லை. அடுத்துத் தடுப்பு நடவடிக்கை மூன்று, கடைசிப் பக்கம் வரை படிப்பது உட்பட. அப்புறம் மறுபடியும் குனிந்தவர் நிமிரவே இல்லை.

ஹருனோ பதினான்காம் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உதட்டுச் சாயம் நடுங்கியது. மிசாவோ ஓடிப்போய்ப் பதினெட்டாம் தொட்டியைத் தூக்கிவந்து அவள் மடிக்கு அருகில் வைத்தாள். ஹருனோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குச்சியைப் பார்த்தாள், மொட்டைப் பார்த்தாள்.

"நிறம் தெரியுது" என்றாள்.

"பத்து நாள்ல விரிஞ்சிடும்மா. பறிச்சு நானே கொண்டுவந்து கொடுத்துடறேன்."

"நல்லா வளர்த்தே போ. இதைக் கிள்ளாமலா வச்சிருக்கே?" என்று சொன்ன ஹருனோ, மிசாவோ கையை நீட்டுவதற்குள், அண்டா கிண்டிய அந்தத் தடித்த கட்டைவிரல் நகத்தால் மொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டாள்.

"இதைப் பார்க்கத்தானே வந்தீங்க" என்று மிசாவோ கத்தியேவிட்டாள்.

"பார்த்தாச்சே." ஹருனோ மொட்டைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். "யசுஜி, நிமிருங்க, இடுப்பு பிடிச்சுக்கும். அந்தத் தாள்ல நாலாவதா ஒண்ணு எழுதிக்கோங்க. இது அக்டோபர்ல பூக்கும். அதுவரைக்கும் ஹருனோ சாகக் கூடாது."

யசுஜி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றவாக்கிலேயே, ஒரு எழுத்து விடாமல் எழுதினார். எழுதிவிட்டு விரலை நீட்டிக் குச்சியைச் சுட்டினார். அப்புறம் ஹருனோவைச் சுட்டினார். விரல் அப்படியே நின்றது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

இதற்கும் கடைசியில் நான்தானா என்று எரிச்சலோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிசாவோ தன் விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"யோஷி" என்றாள்.