பக்கத்துச் சுரப்பியை எட்டிப் பார்த்தவள்

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வீட்டுக்குள் கால் வைத்ததும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிடுவாள். எதிர்வீட்டு ஜன்னலில் புதுத் திரை மாட்டினால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் திசுப் பரிசோதனை டாக்டர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தும் உன் தங்கச்சிக்கு ஆசை தீரவில்லையா என்று என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறவள். ஓட்டுகிறவர்கள் தடுமாறினால் பக்கத்து சீட்டிலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போதெல்லாம் அக்குளில் பட்டாணி அளவுக்கு ஏதோ உரசியது. மார்பகப் புற்றுநோய் வந்து, ஒரு வழியாக மீண்டவள் நான். மனசு அங்கேதான் போனது.

தோலோடு ஒரு துண்டை எடுத்துச் சோதித்தார்கள். ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இதில் இருக்கின்றன, மார்பில் வந்த பழைய கட்டியிலும் இருந்தன, அதனால் பழைய நோய்தான் பரவியிருக்கும் என்றார் சர்ஜன். மறுபடியும் கீமோ. கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் விழுந்தேன்.

சொந்தக்காரர்களின் ரிப்போர்ட்டை எழுதக் கூடாதென்பது நாத்தனாரின் லேபில் விதி. என்னுடையதை எழுதியவர் அவளுடைய சீனியர். பூதக்கண்ணாடி அதைப் படித்தாள், கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள். சீனியரிடம் போய், அதே துண்டை இன்னும் ஆழமாகச் சீவி, வேறு சாயங்களும் போட்டுப் பார்க்கச் சொன்னாளாம். அவர் முகம் சுளித்தாராம். இவள் விடுகிற ஆளா?

பிறகு என்னை லேபுக்குக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஒன்றாகப் பார்க்கிற மைக்ராஸ்கோப். ஏற்பி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும் என்றாள். கட்டி முழுக்கப் பழுப்பு. அவள் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினாள். அங்கே கட்டிக்குச் சம்பந்தமில்லாத, நல்ல வியர்வைச் சுரப்பிகள். அவையும் பழுப்பு. இந்த ஏற்பி அக்குள் சுரப்பிகளுக்கு இயல்பாகவே உண்டு, அதை மட்டும் வைத்துக் கட்டி எங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது என்றாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரே சுரப்பி, பாதி நல்லது, பாதி கட்டி.

“அண்ணி, இது எங்கிருந்தும் வரல. இந்தச் சுரப்பியிலயே பொறந்தது.”

“அப்ப பழசு?”

“பழசு திரும்பல. இது புதுசு, பரவாம இருந்தா வெட்டி எடுத்தாலே போதும்.”

மற்ற சாயங்களும் அதையே சொன்னதால் சீனியரே ரிப்போர்ட்டை மாற்றி எழுதிவிட்டாராம். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

கட்டியைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எடுத்தார்கள். அக்குள் நெறிகட்டிகளுக்கு நோய் பரவியிருக்கவில்லை. கீமோ வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்கள். தையல் பிரித்த அன்று சர்ஜன் வாசல்வரை வந்து, அந்த ஓரத்தைக் கவனித்த டாக்டர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“என் நாத்தனார்,” என்றேன், வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “பக்கத்து வீட்ட எட்டிப் பாக்காம அவளால இருக்கவே முடியாது.”

பெருமை தாங்காமல், துணைக்கு வந்திருந்த அவளைத் தேடித் திரும்பினேன். அவள் பெஞ்சில் ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மடியில் இருந்த ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாப் பாரு,” என்றேன்.