அழுங்காமையும் ஹக்னாயாக் கொடியும்

அழுங்காமை என்னும் கடலாமையையும் ஹக்னாயாக் கொடியையும் ஒருசேர வைத்து நோக்கியவர் எங்கள் தீவில் எவருமிலர். நான் நோக்க நேர்ந்தது. ஹக்னாயா மரமேறும் பெரணி. அதன் செந்தளிர் உணவாகும். தண்டு உப்புநீரிலும் மக்காத கயிறாகும். இன்று எவ்வாறோ நாளையும் அது அவ்வாறே. அழுங்காமையோ நூறு முறை உண்டவரை வாழவைத்து, நூற்றோராம் முறை கொல்லும். புறத்தோற்றத்தில் வேறுபாடு இராது.

சமார்த் தீவின் கீழ்க்கரையில் அவ்வாண்டு வடகாற்று பதினொரு நாள் ஓயவில்லை. அரிசி தீர்ந்தது; தளிரையே அவித்து உண்டோம். என் மனைவி செனோபியாவுக்குப் பால் வற்றியது. நான்கு மாத மகள் லூமென் வெறும் முலையைச் சப்பி அழுதாள். பன்னிரண்டாம் நாள் காலை கரையொதுங்கிய அழுங்காமை ஒன்றை, நாங்கள் 'மானோ' என்றழைக்கும் அண்டைவீட்டு மூத்தவர் கோலாசும் நானும் ஹக்னாயாத் தண்டால் கட்டி இழுத்து வந்தோம்.

வழக்கப்படி ஈரலை முதலில் நாய்க்கு இட்டோம். குட்டி ஈன்று பத்து நாளான எங்கள் பெட்டைநாய் ஒரே மூச்சில் தின்றது.

"மத்தியானம் வரைக்கும் பாப்போம். அது படுத்துட்டா நமக்குப் பட்டினி, படுக்கலேன்னா விருந்து" என்றார் கோலாஸ்.

நண்பகலில் நாய் வாலாட்டி இன்னும் கேட்டது.

"மானோ, எனக்கென்னவோ பயமா இருக்கு. நான் தழையே தின்னுக்கறேன்" என்று செனோபியா அவரிடம் சொன்னாள்.

நான் குறுக்கிட்டேன். "தழையத் தின்னு தின்னு ஆடாவே மாறிட்டே. பிள்ளைக்குப் பால் வேணாமா? நாயப் பாரு, உன்னைவிடத் தெம்பா நிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். எங்களோடு ஆமைச்சாறு இரண்டு கிண்ணம் குடித்தாள். மாலையில் பால் சுரந்தது. லூமென் வயிறு நிறையக் குடித்தாள்.

மறுநாள் காலை எங்களுக்குத் தொண்டை எரிந்தது, அவ்வளவே. லூமென் கண் திறக்கவில்லை. உடல் துவண்டு கிடந்தாள். கடல் இன்னும் அடங்காததால், மருத்துவரிடம் கொண்டுபோகப் படகு இறக்க வழியில்லை.

"பால் நல்லாத்தானே வருது. ஏன் குடிக்க மாட்டேங்குறா?" என்று செனோபியா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாயை மீண்டும் பார்க்கச் சென்றேன். அது நலமாகவே இருந்தது. கால்நட்டு உயர்த்திய எங்கள் வீட்டின் அடியில் எதையோ மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது. குனிந்தேன். ஐந்து குட்டிகளும் விறைத்துக் கிடந்தன. முந்தைய நாள் முழுதும் நாங்கள் தாயை மட்டுமே பார்த்திருந்தோம்.

கோலாசும் வந்து பார்த்தார். "அவகிட்டச் சொல்லிராதே" என்றார்.

உச்சிவேளையில் லூமெனின் மூச்சு நின்றது. பெட்டி செய்யப் பலகை இருந்தது, ஆணி இல்லை. ஆமையைக் கட்டிய தண்டையே அலசிக் கொணர்ந்து கட்டினேன். அது சிறிதும் நைந்திருக்கவில்லை.

செனோபியாவின் சட்டை பாலில் நனைந்திருந்தது. அவள் கீழே காதுகொடுத்தாள்.

"குட்டிங்க சத்தத்தையே காணோமே" என்றாள்.

நான் முடிச்சை இறுக்கினேன்.