ஹனாதி கொடுக்காத மேசைகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சிரியாவின் துறைமுக நகரமான தர்தூஸில், கடற்கரைச் சாலையில் மீன் உணவகம் நடத்தும் ஹனாதி, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து சொன்னது. "இத்தனை வருஷமா என் மீனைத் தின்னுட்டு ஊர்க்கதையெல்லாம் எழுதுறீங்க. என் கதைக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

முதல் தொடக்கம்: 'துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பல்கள் சாம்பல் நிற மிருகங்களைப் போல'

(அடித்துவிட்டேன். இங்கே யாரும் அவற்றை அப்படிப் பார்ப்பதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் படும், அவ்வளவுதான்.)

2

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம்; அரசுக்குத் துணையாக ரஷ்யப் படை வந்திருந்தது. ஹனாதியின் தங்கை லுபானாவுக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அய்ஹம் பாலைவனப் போர்முனையிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். விடிந்தால் கிளம்ப வேண்டும். கடலை ஒட்டிய மேசைகளில் விரிப்பு போட்டு முடித்த நேரத்தில், பாதுகாப்புத் துறை ஆள் அபூ ஜாபர் வந்து நின்றார்.

"இதையெல்லாம் காலி பண்ணு. ரஷ்யக் கர்னல் சாப்பிட வர்றாரு."

"வரட்டும், உள்ள இடம் இருக்கு. இங்க என் தங்கச்சி நிச்சயம்."

"அவங்க விமானம் இல்லேன்னா இந்தக் கடையே இல்ல, தெரியுமா?"

"விமானக்காரரு கேக்கட்டும், அபூ ஜாபர். நீங்க ஏன் மூச்சு வாங்க ஓடி வர்றீங்க?"

"நாளைக்குக் கடைக்குப் பூட்டு விழும். அப்ப பேசு இந்தப் பேச்சை."

அவர் போனதும் லுபானா கெஞ்சினாள்: "அக்கா, உள்ளயே வச்சுக்கலாம்."

"போய்த் தலைய வாரு."

ஹனாதியின் கை நடுங்கியது.*

* நடுங்கவே இல்லை என்றுதான் என்னிடம் சொன்னாள். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

3

கர்னல்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வரைவில் மேசையைக் குத்தினார்; அடுத்ததில் கண்கலங்கினார். இரண்டும் பொய். நடந்தது இது.

விருந்து தொடங்கியபின் அவர் வந்தார், கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். அபூ ஜாபர் விருந்தாளிகளை எழுப்பத் தொடங்கினார். என்ன சத்தம் என்று கர்னல் கேட்க, "உங்களுக்கு இடம் தயாராகுது" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

ஹனாதிக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்கள் கொஞ்சம்தான். அதில் இரண்டை எடுத்து நேராக அவரிடம் சொன்னாள்: "இல்லை. கல்யாணம்."

கர்னல் சீருடையில் இருந்த அய்ஹமைப் பார்த்தார். எந்த முனை என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டார். சமையலறை வாசலோரம், புகை படும் மேசையில் போய் உட்கார்ந்தார். அபூ ஜாபர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் முன்னாலேயே நின்றார். கர்னல் ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒக்காரச் சொல்றாரு, அண்ணே. மணப்பொண்ணை மறைக்கிறீங்களாம்."

கூட்டமே சிரித்தது. கடைக்குப் பூட்டும் விழவில்லை.

4

(கர்னலை நல்லவராக்கிவிட்டேனோ? அன்று அவர் முள்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுநாள் அவருடைய விமானங்கள் யார் வீட்டு நிச்சயதார்த்தத்தின் மேல் பறந்தன என்று ஹனாதிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.)

அய்ஹம் உயிரோடு திரும்பினான். அவனும் லுபானாவும் இப்போது மாடியில்தான் குடியிருக்கிறார்கள். இது முடிவல்ல, தகவல்.

முடிவு எழுத வராத இடம் ஒன்று உண்டு. அன்றிரவு எல்லோரும் வரிசையாகக் கைகோத்துத் தப்கே நடனம் ஆடினார்கள். வரிசை வளைந்து சமையலறை வாசலுக்கு வந்தபோது, லுபானா கர்னலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எழுந்தாரா?" என்று கேட்டேன்.

ஹனாதி மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "படிக்கிறவங்களையே கேளுங்க. எழுப்பணும்னா எழுப்பட்டும், வேணாம்னா அப்படியே ஒக்கார வைக்கட்டும். ஆனா நான் ஆடினேன், செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஆடினேன். அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."