மகாராணியும் சுண்டைக்காயும்

எனக்கும் என் கணவருக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு வழக்கு நடந்துவந்தது. இருவருக்கும் ஒரே அருங்காட்சியகத்தில், ஒரே அறையில் வேலை. கல்லாகிப் போன உயிர்களைப் பார்த்து, எது எந்த இனம் என்று பிரித்துப் பெயர் வைக்கும் வேலை. எங்கள் பங்குக்கு வாய்த்தவை அம்மோனைட்டுகள். கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்து, எப்போதோ பூண்டோடு அழிந்துபோனவை. தட்டு அகலத்துக்கு இருந்த ஒன்றுக்கு நான் பெயர் வைத்தேன். அதே பாறையில் கிடைத்த, எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் வளராத ஒன்றுக்குப் பிற்பாடு அவர் பெயர் வைத்தார். என்னுடையதை அவர் 'மகாராணி' என்பார். அவருடையதை நான் 'சுண்டைக்காய்' என்பேன். வாழ்நாளில் அவர் பெயர் வைத்த இனம் அது ஒன்றுதான்.

சுண்டைக்காய் தனி இனமே இல்லை, அது என் மகாராணியின் ஆண் என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"வாய்ப்பக்கம் பாரு, காது மடல் மாதிரி ரெண்டு இருக்கு. உன் மகாராணிக்கு இருக்கா?"

"ஆம்பளைக்கு மீசை முளைச்சா அது தனி இனமா?"

இதைச் சாப்பாட்டு மேசையில் பேசினோம், பஸ்ஸில் பேசினோம், மகள் பிறந்த ஆஸ்பத்திரியில்கூடப் பேசினோம். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. வெளியே பார்ப்பவர்களுக்கு அது சண்டை. எங்களுக்கு அதுதான் கொஞ்சல்.

வழக்குத் தீர ஒரே வழிதான் இருந்தது. அம்மோனைட் வளர வளர, பழைய சுற்றின் மேல் புதுச் சுற்றைக் கட்டிக்கொண்டே போகும். வெளிச்சுற்றைப் பெயர்த்தால் நடுவில் அதன் இளமைக்காலம் அப்படியே இருக்கும். மகாராணியின் உள்சுற்று சுண்டைக்காயோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒரே இனம். அப்போது முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அது என்னுடையது, அவருடையது அடிபட்டுப் போகும். ஆனால் எங்களிடம் இருந்த பெரிய ஓடுகள் எல்லாமே நடுவில் நசுங்கியவை. அதனால் வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

போன மாதம் ஒரு கல்குவாரியிலிருந்து நசுங்காத மகாராணி வந்து சேர்ந்தது. அவர் அப்போது வீட்டில் படுக்கையில் இருந்தார். வயிற்றில் புண் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தோம். புண் இல்லை, இனி எந்த வைத்தியமும் எடுபடாது என்பது எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். "அப்பா தாங்க மாட்டாரும்மா. நீ பாட்டுக்கு எதையாவது உளறிடாதே" என்று மகள் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். அவரோ எழுந்து நடமாடியதும் அந்தக் கல்லைத் தானே பிரிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில், "சரி, நீயே பிரிச்சிடு. ஆனா பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும்" என்றார்.

சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி வெளிச்சுற்றைப் பெயர்த்தேன். மதியத்துக்குள் உள்சுற்று முழுசாக வந்துவிட்டது. கழுவித் துடைத்து, சுண்டைக்காயைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ஓட்டின் மேல் வரிகள் இரண்டாகப் பிரியும் இடம், நடுவே ஓடும் பள்ளம், எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன். இதை அவரிடம் போய்ச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதருக்கென்று இருந்தது ஒரே பெயர். அதையும் பிடுங்கிக்கொண்டா அனுப்பிவைப்பது? என்னால் முடியாது. இருக்கிற கொஞ்ச காலம் அது அவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் அவர் ஜன்னலோரமாகத் தலையணைகளில் சாய்ந்து காத்திருந்தார். நான் கைப்பையை வைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"என்ன சொல்றா மகாராணி?"

"நீங்க சொன்னதுதான் சரி. உள்ளே வேற மாதிரி இருக்கு. சுண்டைக்கா தனி இனம்தான்."

கிண்டலடித்தே என்னை ஒருவழி பண்ணிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டே" என்றார்.

"கண்ணால பார்த்தாச்சே. அப்புறம் என்ன?"

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது என்கிட்ட தோத்திருக்கியா நீ?"

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சமையலறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சரி, அதை விடு" என்றார். "கல்லைப் பத்தியாவது நிஜத்தைச் சொல்லு. உள்ளே என்ன இருந்துச்சு?"

"உங்க சுண்டைக்காதான். அப்படியே."

"அப்ப என் பேரு?"

"போயிடுச்சுங்க."

அவர் அழுதார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எதற்காக அழுகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.