டப்ளினில் வெட்டிய காட்சி

என் தங்கை ஊனா லண்டனுக்குப் போய் நடிகையாகிப் பத்து வருஷம் ஆகியும், அப்பா அவள் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அயர்லாந்தில் எங்கள் கிளேர் மாவட்டமே பார்த்தது. தபால்காரர் மார்ட்டின் பார்த்த படத்தையே திரும்பப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கதை சொல்வார். அப்பா எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவார். அவள் கிளம்பிய அன்றும் ஒரு வார்த்தை பேசாத கல்லுளிமங்கன் அவர்.

ஐம்பத்து நான்கில், அவள் முதன்முதலாகப் பெரிய வேடத்தில் நடித்த படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது, ஊனாவும் கப்பலேறி வந்துவிட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. கேட்கத்தான் தைரியம் இல்லை.

“நீயே கேளு, பிரீடாக்கா,” என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

கேட்டேன். அப்பா எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், கோட்டைக் கழற்றாமலே பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டார். படத்துக்கு வரப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கொட்டகையில் ஊனா திரையைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை விட்டுப் பிரியும் மனைவியின் வேடம் அவளுக்கு. அந்தப் பிரிவுக் காட்சிக்காகத்தான் லண்டன் பத்திரிகைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. திரையில் அவள் பெட்டியோடு சமையலறைக்குள் வந்தாள். வாயைத் திறந்தாள். படம் ஒரு குதி குதித்தது, அடுத்து ஏதோ ரயில் ஓடியது. கல்யாணம் முறிவதை நாங்கள் பார்க்கக் கூடாதென்று டப்ளின் தணிக்கைக்காரர்கள் வெட்டி எறிந்திருந்தார்கள். எங்களுக்கு இது பழக்கம்தான், முத்தம் வந்தாலே படம் தாவும். லண்டனிலேயே இருந்துவிட்ட ஊனாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஊனா அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். மறுநாள் காலை திரும்பிப் போக வேண்டியவள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வெட்டிட்டானுங்களே, அதுல நீ என்ன பண்ணுவ?”

“ஒண்ணுமில்லப்பா. புருஷன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புவேன். அவ்வளவுதான்.”

“அப்போ பண்ணு. இங்க எந்த டப்ளின்காரன் இருக்கான்?”

சிரித்துக்கொண்டே எழுந்தவள் கதவருகே போனாள். திரும்பியபோது அங்கே வேறொருத்தி நின்றாள். எனக்குப் பொறாமை வந்தது, மறைப்பானேன்.

“நான் போறேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்,” என்றாள்.

படத்தில் கணவன் இதற்குப் பதில் பேசமாட்டானாம். அவள் கதவைத் திறந்து போய்விடுவாளாம். ஊனா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அப்பா எழுந்து நின்றார்.

“போகாதம்மா,” என்றார். “அன்னிக்கும் இதத்தான் சொல்ல நெனச்சேன்.”

ஊனாவுக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது. கதவைத் திறக்கவும் மாட்டாமல், கையை எடுக்கவும் மாட்டாமல், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள்.